வேலி வேறு, விலங்கு வேறு!

சுங்கச் சாவடியை இடித்தார்கள். ஆனாலும் சரக்கு எல்லையிலே நின்றது! வரியை ஒழித்தார்கள், ஆனாலும் வணிகன் வாசலிலே தவித்தான்!

விந்தையாக இருக்கிறதா, தோழர்களே? வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஐரோப்பாவிலே நடந்தது இது.

பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் - ஆறு நாடுகள். இரண்டு உலகப் போர்களின் குருதிச் சேற்றிலே புரண்டெழுந்த நாடுகள். இனிப் படை அனுப்பிப் பயனில்லை, பண்டம் அனுப்பிப் பிழைப்போம் என்ற எண்ணத்தோடு 1957-ஆம் ஆண்டு ரோம் நகரிலே கூடின, ஒப்பந்தம் கண்டன. 1968 ஜூலை முதல் நாள், அந்த ஆறு நாடுகளுக்கும் இடையே சுங்க வரி அறவே நீங்கிற்று.

மேளம் கொட்டினர், மாலை போட்டுக்கொண்டனர். "இனி அண்டை வீடும் நம் வீடு, அவர்கள் சந்தையும் நம் சந்தை" என்று பேசினர். சரக்கை ஏற்றிக்கொண்டு எல்லைக்குச் சென்றான் வணிகன். வரி கேட்பவன் அங்கே இல்லை. ஆனால், அவன் இருந்த நாற்காலியிலே வேறொருவன் உட்கார்ந்திருந்தான். வரி கேட்பவன் போய்விட்டான். விதி கேட்பவன் வந்துவிட்டான்!

"வரி வேண்டாம், ஐயா! ஆனால் எங்கள் நாட்டு விதிப்படி செய்த பண்டமா இது? கலவை எங்கள் கணக்குப்படி இருக்கிறதா? எங்கள் ஆய்வுக்கூடத்துச் சான்று எங்கே?"

"எங்கள் நாட்டுச் சான்று இதோ இருக்கிறதே!"

"அது உங்கள் நாட்டுக்கு!"

ஒரு நாட்டிலே மெத்தச் சரி என்று முத்திரை பெற்ற பண்டம், ஓர் ஆற்றைத் தாண்டியதும் குற்றவாளியாகிவிட்டது!

இதனால் யாருக்கு நட்டம் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய முதலாளிக்குக் கவலையில்லை. நாட்டுக்கொரு அச்சு வார்ப்பான். நாட்டுக்கொரு வழக்கறிஞரை வைப்பான். நாட்டுக்கொரு ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டுவான். பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவன் என்ன செய்வான்? ஊரோடு நின்றுவிடுவான். அவன் நின்றால், அவனிடம் வேலை பார்க்கும் தொழிலாளியின் கூலியும் நின்றுவிடும். வாங்குகிறவனுக்கும் நட்டம்தான், போட்டி இல்லாத சந்தையிலே விலையைச் சொல்பவன் விற்பவன் மட்டுமே. ஆகவே, இது வணிகர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். உழைப்பவனுக்கும் இதிலே பங்கு உண்டு.

ஒரு புட்டி திறந்த வழி

பிரான்சு நாட்டிலே டிஜோன் என்றோர் ஊர். அங்கே கறுத்த சிறு பழம் ஒன்றிலிருந்து இனிப்பான மது ஒன்று வடிக்கிறார்கள். கேசிஸ் என்று பெயர். அதிலே சாராயச் சத்து நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு. ஜெர்மனியின் கொலோன் நகரத்து நிறுவனம் ஒன்று, 1976-ல் அதை இறக்குமதி செய்து விற்க முனைந்தது. ஜெர்மன் அரசின் மதுத் துறை சொன்ன பதில் என்ன தெரியுமா?

"தாராளமாகக் கொண்டு வரலாம். ஆனால் விற்க முடியாது! எங்கள் விதிப்படி இந்த வகைப் பழ மதுவிலே குறைந்தது 25 பங்கு சாராயம் இருந்தாக வேண்டும். உங்கள் சரக்கிலே போதை போதாது!"

போதை அதிகம் என்று தடுப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். போதை போதாது என்று தடுத்த அரசைக் கேள்விப்பட்டதுண்டா?

மதுவுக்காக வாதாட நான் இங்கே வரவில்லை. குடி கெடுக்கும் என்பதை நம் தாய்மார்களின் கண்ணீரிலே படித்தவர்கள் நாம். நான் காட்ட வருவது அந்த அரசின் வாதத்தை. வழக்கு லக்சம்பர்க்கிலே உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கே ஜெர்மன் அரசு சொல்லிற்று: "மக்கள் உடல்நலத்துக்காகத்தான் இந்த விதி. லேசான மது சந்தையிலே பெருகினால், மக்கள் மெல்ல மெல்லக் குடிக்குப் பழகிவிடுவார்கள்!"

நீதிமன்றம் திருப்பிச் சொன்னதன் சாரம் இது: உங்கள் நாட்டுச் சந்தையிலே லேசான மது ஏராளமாக ஏற்கெனவே விற்கிறது. கடுமையான மதுவையும் பெரும்பாலும் தண்ணீர் கலந்துதானே குடிக்கிறார்கள்? பிறகென்ன உடல்நலக் கவலை? வாங்குகிறவன் ஏமாறக்கூடாது என்றால் புட்டியிலே அளவை எழுதி ஒட்டச் சொல்லுங்கள், போதும்!

1979 பிப்ரவரி 20-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டிலே முறைப்படி செய்து முறைப்படி விற்கப்படும் பண்டத்தை, தக்க காரணமின்றி மற்ற நாடு தடுக்கலாகாது என்பது அதன் கரு. தக்க காரணம் எது? உடல்நலம், வாங்குவோர் பாதுகாப்பு, நேர்மையான வாணிபம் போன்றவை. காரணத்தைச் சொன்னால் மட்டும் போதாது; மெய்ப்பிக்க வேண்டும். ஒரு புட்டி மதுவுக்காக எழுந்த வழக்கு, ஒரு கண்டத்தின் சந்தைக்கே வழி திறந்தது!

பீரும் மாக்கரோனியும் சாக்லெட்டும்

அதன் பிறகு வந்த வழக்குகள் சுவையானவை. ஜெர்மனியிலே பீர் என்றால் வெறும் பானம் அல்ல, தேசியப் பெருமை! பவேரியா நாட்டு அரசர்கள் 1516-ஆம் ஆண்டிலேயே, பார்லி, ஹாப்பு என்னும் கொடியின் பூ, தண்ணீர் - இவற்றைத் தவிர வேறெதுவும் பீரிலே சேரக்கூடாது என்று ஆணையிட்டார்கள். அந்த வழி வந்த சட்டத்தைக் காட்டி, வேறு தானியமோ வேறு கலவையோ சேர்ந்த அயல்நாட்டுச் சரக்குக்குப் பீர் என்ற பெயரையே மறுத்தது ஜெர்மனி. "எங்கள் மக்கள் நிறையப் பீர் குடிக்கிறார்கள், கலவைப் பொருள் உடலுக்குக் கேடு" என்றும் வாதாடிற்று. "அதே கலவைப் பொருள்களை வேறு பானங்களிலே நீங்களே அனுமதித்திருக்கிறீர்களே?" என்ற கேள்விக்கு விடையில்லை! 1987 மார்ச் 12-ல் தீர்ப்பு ஜெர்மனிக்கு எதிராக வந்தது.

இத்தாலியிலே மாக்கரோனி. டூரம் என்னும் கெட்டிக் கோதுமையிலே மட்டும்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் சட்டம் செய்திருந்தார்கள். சாதாரணக் கோதுமை கலந்த ஜெர்மன் மாக்கரோனியை உள்ளே விடவில்லை. 1988 ஜூலையில் அந்தத் தடையும் வீழ்ந்தது.

இதிலே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு, தோழர்களே. ஜெர்மன் பீர் அழிந்துவிட்டதா? இல்லை! இத்தாலிய மாக்கரோனி கெட்டுவிட்டதா? இல்லை! பழைய முறைப்படி செய்கிறவன் இன்றும் செய்கிறான். "இது தூய கெட்டிக் கோதுமை" என்று உறையிலே எழுதிப் பெருமையோடு விற்கிறான். "உன் சமையலை நீ மாற்று" என்று நீதிமன்றம் யாருக்கும் சொல்லவில்லை. "உன் சமையலைத்தான் மற்றவனும் சமைக்க வேண்டும் என்று மிரட்டாதே" என்றுதான் சொல்லிற்று. விதி ஒத்துப்போவது என்பது வேறு. எல்லோரும் ஒரே அச்சிலே வார்க்கப்படுவது என்பது வேறு!

சாக்லெட் சண்டையோ இருபத்தேழு ஆண்டு நீடித்தது. கொக்கோ வெண்ணெயைத் தவிர வேறு தாவரக் கொழுப்பைக் கொஞ்சம் சேர்ப்பது பிரிட்டனின் வழக்கம். "கூடவே கூடாது, அது சாக்லெட்டே அல்ல" என்றன வேறு சில நாடுகள். 1973-ல் வந்த பொதுச் சட்டம் இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் தள்ளிவைத்தது. 2000-ஆம் ஆண்டிலேதான் முடிவு கண்டார்கள்: நூற்றுக்கு 5 பங்கு வரை சேர்க்கலாம், ஆனால் உறையிலே அதை எழுதிவிட வேண்டும். சேர்க்கத் தக்க கொழுப்புகள் ஆறு என்று பட்டியலும் போட்டார்கள். அந்த ஆறிலே நம் நாட்டுக் காட்டிலும் தோப்பிலும் விளைகின்ற மூன்றும் இடம்பெற்றன: சால் மரத்து விதை, கோக்கம், மாங்கொட்டைப் பருப்பு! பிரஸ்ஸல்ஸ் நகரத்து மேசையிலே எழுதும் ஒரு வரி, எங்கோ காட்டிலே விதை பொறுக்குகிற ஏழைப் பெண்ணின் கூடை வரை வந்து எட்டுகிறது, பாருங்கள்!

எல்லா வேலியையும் பிடுங்கலாமா?

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் விதி என்பதே வீண், எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால் வாணிபம் தழைக்கும்" என்று முடிவு கட்டிவிடக்கூடும். முதலாளிமார் சங்கங்களிலே அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. "விதி என்றாலே விலங்கு; வெட்டி எறி!" என்பார்கள். பொறுங்கள்! இன்னொரு கதையும் கேளுங்கள். இது சிரிக்கும் கதை அல்ல.

1957 அக்டோபரிலே மேற்கு ஜெர்மனியில் ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. தாலிடோமைடு என்பது மருந்தின் பெயர். "தூக்கம் வரும், தொல்லை இல்லை, முற்றிலும் பாதுகாப்பானது" என்று விளம்பரம். மருத்துவர் சீட்டுகூடக் கேட்காமல் விற்றார்கள். பிரிட்டனுக்குப் போயிற்று; நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிற்று. கருவுற்ற தாய்மார்கள் காலை மயக்கத்துக்காக அதை விழுங்கினார்கள். பிறந்த குழந்தைகளுக்குக் கையில்லை, காலில்லை, தோளிலிருந்து நேரே விரல் முளைத்த குழந்தைகளும் உண்டு. ஏறத்தாழ 10,000 குழந்தைகள்! 1961 நவம்பரில்தான் ஜெர்மனியிலே அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அமெரிக்காவிலே என்ன நடந்தது? அங்கேயும் விற்க 1960-ல் விண்ணப்பம் போனது. மருந்துத் துறையிலே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார் கையிலே அந்தக் கோப்பு வந்தது. "ஐரோப்பாவிலே விற்கிறதே, இங்கே ஏன் தாமதம்?" என்று நிறுவனம் நெருக்கிற்று. அம்மையார் அசையவில்லை. "நீங்கள் தந்த சான்று போதாது; இன்னும் ஆய்வு காட்டுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த ஒரு பெண்மணியின் பிடிவாதம் அமெரிக்கக் குழந்தைகளைப் பேரழிவிலிருந்து காத்தது. 1962-ல் அதிபர் கென்னடி அவருக்கு விருது வழங்கினார்.

இப்போது சொல்லுங்கள். டிஜோன் மதுவைத் தடுத்தவரும் "உங்கள் சான்று செல்லாது" என்றார். கெல்சி அம்மையாரும் "உங்கள் சான்று போதாது" என்றார். சொல் ஒன்றுபோல் தெரிகிறது. ஆனால் முன்னவர் காத்தது உள்ளூர்ச் சாராய வணிகனின் கல்லாப் பெட்டியை; பின்னவர் காத்தது தாயின் வயிற்றிலிருந்த உயிரை! முன்னது விலங்கு, பின்னது வேலி. விலங்கு காலைக் கட்டும். வேலி பயிரைக் காக்கும். இரண்டுமே இரும்பு என்பதற்காக இரண்டையும் ஒரே உலையிலே போட்டு உருக்கலாமா?

இந்தப் பேரழிவுக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளே விழித்துக்கொண்டன. 1965 ஜனவரி 26-ல் ஆறு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு விதி எழுதினார்கள்: அரசின் ஒப்புதல் பெறாமல் எந்த மருந்தையும் சந்தைக்குக் கொண்டுவரலாகாது! விதிகளை ஒத்துப்போகச் செய்வது என்றால் தடைகளைத் தகர்ப்பது மட்டுமல்ல. இல்லாத இடத்திலே வேலி கட்டுவதும் அதுதான்.

பொது வேலி கட்டிய முறை

சரி, எப்படிக் கட்டினார்கள்?

தொடக்கத்திலே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஆணி முதல் அச்சாணி வரை எல்லாம் எழுத முயன்றார்கள். எல்லா நாடும் ஒருமனதாக இசைந்தால்தான் சட்டம் என்ற நிலை. ஒருவர் தலையசைக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் கிடப்பிலே கிடக்கும். 1985-ல் வழியை மாற்றினார்கள். சட்டத்திலே அடிப்படைக் காப்பை மட்டும் எழுதுவது. திருகாணியின் பருமன் போன்ற நுணுக்கங்களைத் தர நிர்ணயக் குழுக்களிடம் விடுவது. அதே ஆண்டிலே, காக்ஃபீல்டு பிரபு என்ற பிரிட்டிஷ்காரரின் பொறுப்பிலே, ஏறத்தாழ 300 சட்டங்களைப் பட்டியலிட்டு, 1992 இறுதிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். 1987-ல் நடைமுறைக்கு வந்த புதிய உடன்படிக்கையால், இத்தகைய சட்டங்களுக்கு ஒருமனதான ஒப்புதல் வேண்டாம், தக்க பெரும்பான்மை போதும் என்றாயிற்று.

அந்த உடன்படிக்கையிலே இரண்டு வரிகள் உண்டு. தொழிலாளத் தோழர்கள் நெஞ்சிலே பொறிக்கத் தக்க வரிகள். பொதுச் சட்டம் முன்மொழியும்போது உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல், வாங்குவோர் நலம் ஆகியவற்றில் உயர்ந்த காப்பையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது ஒன்று. சுற்றுச்சூழலையோ தொழிலாளியின் வேலையிடச் சூழலையோ காக்க, ஒரு நாடு தன் கடுமையான விதியைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பள்ளத்துக்கு மேட்டை இறக்காதே. மேட்டுக்குப் பள்ளத்தை உயர்த்து என்பது இதன் பொருள்!

ஏட்டிலே மட்டும் இருந்த பேச்சா இது? டென்மார்க்கைப் பாருங்கள். சின்னஞ்சிறு நாடு. பீரும் சோடாவும் திரும்பப் பெறும் புட்டியிலேதான் விற்க வேண்டும், தூக்கி எறிந்து குப்பை சேர்க்கக்கூடாது என்று விதி செய்தது. வெளிநாட்டு உற்பத்தியாளர்கள் குமுறினார்கள். வழக்கு 1988-ல் முடிந்தது. விதியின் ஒரு பகுதியை நீதிமன்றம் நீக்கிற்று. ஆனால் புட்டிக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை செல்லும் என்றது. மண்ணைக் காப்பதும் தக்க காரணமே என்று ஏற்றது. மெய்யான காரணம் இருந்தால் சிறு நாடும் நிமிர்ந்து நிற்கலாம்!

1989-ல் இயந்திரங்களுக்கான பொதுச் சட்டம் வந்தது. சுழலும் பாகத்துக்கு மூடி வேண்டும். ஆபத்து நேரத்திலே சட்டென நிறுத்தும் விசை வேண்டும். இவையெல்லாம் இல்லாத இயந்திரம் எந்த நாட்டுச் சந்தைக்கும் வரலாகாது. இத்தாலியிலே செய்த கடைசல் இயந்திரத்திலே டென்மார்க் தொழிலாளி கை வைக்கிறான். அந்தக் கை பத்து விரலோடு வீடு திரும்ப வேண்டும், அதற்குத்தான் அந்தச் சட்டம். அதிலே இன்னொன்றும் எழுதினார்கள்: இயந்திரத்தோடு வரும் குறிப்பேடு, அது பயன்படும் நாட்டின் மொழியிலே இருந்தாக வேண்டும்! விதி ஒன்று, ஆனால் மொழி அவரவர் மொழி! எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவனிடம் எச்சரித்து என்ன பயன்? ஒற்றுமை என்றதும் ஒரே மொழியைத் திணிக்கத் துடிப்பவர்கள், இந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கட்டும்.

யார் உட்கார்ந்து எழுதுவது?

திருகாணியின் பருமனைக் குழுக்களிடம் விட்டார்கள் என்றேன் அல்லவா? அந்தக் குழுக்களிலே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் உற்பத்தி நிறுவனங்கள் அனுப்புகின்ற ஆட்கள். இயந்திரத்தை விற்பவனே அதன் காப்பையும் எழுதினால் எப்படியிருக்கும்? ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் இதைக் கண்டுகொண்டன. 1989-லேயே தமக்கென ஒரு தொழில்நுட்ப அலுவலகத்தை நிறுவி, விதி எழுதும் இடத்துக்குத் தம் நிபுணர்களை அனுப்பின. கூலிக்காகக் கொடி பிடிப்பது மட்டுமல்ல சங்கத்தின் பணி. விதி எழுதும் மேசையிலே நாற்காலி பிடிப்பதும் அதன் பணிதான்!

நாற்காலி இல்லாதவன் கதி என்ன? நார்வே நாட்டைக் கேளுங்கள். ஐரோப்பிய அமைப்பிலே சேர வேண்டாம் என்று அந்த மக்கள் 1972-லும் 1994-லும் வாக்களித்தார்கள். ஆனால் சந்தை வேண்டுமே! ஆகவே 1994 முதல் அந்தச் சந்தையின் விதிகளை ஏற்று நடக்கிறது நார்வே. விதி வருகிறது, வாக்கு இல்லை!

பிரிட்டன் கதை இன்னும் வேடிக்கை. பட்டியல் போட்டுக் கொடுத்தவரே பிரிட்டிஷ்காரர் என்று சொன்னேன். அதே பிரிட்டன் 2020-ல் வெளியேறியது. "எங்கள் விதியை நாங்களே எழுதுவோம்" என்று சொல்லி, ஐரோப்பிய முத்திரைக்குப் பதிலாகத் தனி முத்திரை ஒன்றும் கண்டது. நடந்தது என்ன? இரண்டு முத்திரைக்கு இரண்டு முறை சோதனை, இரண்டு முறை செலவு என்று தொழிற்சாலைகள் முனகின. கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் 2023 ஆகஸ்டிலே, பெரும்பாலான பண்டங்களுக்கு ஐரோப்பிய முத்திரையையே காலவரம்பின்றி ஏற்போம் என்று அறிவித்தது அரசு! அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, தன் நாட்டின் ஒரு பகுதியான வட அயர்லாந்துக்குப் போகும் உணவுப் பண்டங்கள் பலவற்றிலே "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல" என்று சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. 2025 மே திங்களில், உணவு விதிகளிலே மீண்டும் ஒத்துப்போவது பற்றி உடன்பாடு காண இசைந்தது. வீட்டை விட்டு வெளியேறலாம். ஆனால் பக்கத்து வீட்டை இடம் மாற்றிவிட முடியாது!

முத்திரையை மட்டும் நம்பியிருப்பதும் மடமை. பிரான்சிலே ஒரு நிறுவனம், பெண்களின் மார்பிலே அறுவை செய்து பொருத்தும் பொருளை, மருத்துவத்துக்கு ஆகாத தொழிற்சாலை சிலிக்கோனால் செய்தது. ஐரோப்பிய முத்திரையோடு பல நாடுகளில் விற்றது. சோதிக்க வந்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். வந்த நாளிலே எல்லாம் சுத்தமாக இருந்தது! 2010-ல் தான் மோசடி வெளியாயிற்று. நிறுவனத்தை நடத்தியவருக்கு 2013-ல் சிறைத் தண்டனை. ஆனால் இலட்சக்கணக்கான பெண்கள் அந்தப் பொருளை உடலிலே சுமந்துகொண்டிருந்தார்களே! அதன் பிறகுதான், 2017-ல், சொல்லாமல் போய்ச் சோதிக்க வேண்டும் என்று சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். உன் சான்றை நான் ஏற்க வேண்டுமானால், உன் சோதனை மெய்யாக நடக்க வேண்டும். இல்லையேல் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

உழைப்பவன் உடல் எந்தக் கணக்கில்?

வேலியை எப்படி உயர்த்துவது என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் ஒரு சான்று. கூரைத் தகடு முதல் கப்பல் வரை எங்கும் நிறைந்திருந்த நார்க்கல். அதன் தூசியை மூச்சிலே இழுத்த தொழிலாளிக்கு, இருபது முப்பது ஆண்டு கழித்து நுரையீரலிலே புற்று. இத்தாலி 1992-ல் தடுத்தது, ஜெர்மனி 1993-ல், பிரான்சு 1997 தொடக்கத்தில். சுரங்கம் வைத்திருந்த கனடா சும்மா இருக்குமா? "வாணிபத் தடை!" என்று கூவிக்கொண்டு உலக வாணிப அமைப்பிலே வழக்குப் போட்டது. 2001 மார்ச்சிலே மேல்முறையீட்டிலும் பிரான்சு வென்றது. உயிரைக் காப்பது வாணிபத் தடை ஆகாது என்று நிலைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-லேயே பொதுத் தடை எழுதி, 2005 தொடக்கத்துக்குள் எல்லா நாடுகளும் தடுத்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. வழக்குப் போட்ட கனடாவே 2018-ல் தன் நாட்டிலே அதைத் தடை செய்தது!

கடைசியாக, நம் வாசலுக்கே வருகிறேன். திருப்பூர்ப் பனியனும் கரூர்ப் போர்வையும் ஆம்பூர்த் தோலும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. சில வகை அசோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் தரும் பொருளாகின்றன என்பதால், ஜெர்மனி 1994-ல் அவற்றைத் தடுத்தது. 2002-ல் அது ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விதியாயிற்று: தோலிலே படும் துணியில் அந்தப் பொருள் 10 இலட்சத்தில் 30 பங்குக்கு மேல் இருக்கலாகாது. நாட்டுக்கொரு கணக்கு இருப்பதைவிட எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்கு என்பது நம் ஏற்றுமதியாளருக்கும் எளிதே. நல்ல விதிதான்; நச்சுச் சாயம் நம் சாயப்பட்டறையிலிருந்தும் ஒழிந்தால் நமக்கும் நன்மையே.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சாயத் தொழிலாளிக்கு மூத்திரப்பையிலே புற்று வருகிறது என்பதை, லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-லேயே எடுத்துச் சொன்னார். சாயத்தொட்டியில் கை நனைப்பவனைப் பற்றிச் சொன்ன நூறாண்டுக்குப் பின்னர்தான், துணியை உடுத்துபவனுக்காக விதி வந்தது. அந்த விதியும் துணியை அளக்கிறது. துணிக்குச் சாயமிட்டவன் உடலை அளக்கவில்லை. பண்டத்துக்கான விதி பண்டத்தைத்தான் பார்க்கும். பண்டத்தைச் செய்தவனைப் பார்க்க வேறு சட்டம் வேண்டும்; அதைக் கேட்டு வாங்கச் சங்கம் வேண்டும். துணிக்குச் சான்று கேட்கும் உலகம், துணி தந்தவன் மூச்சுக்கும் சான்று கேட்க வேண்டும் என்று வலியுறுத்த வேண்டியவர்கள் நாமே!

ஆகவே தோழர்களே, எந்த இரு அண்டை நாடுகள் "விதியை ஒன்றாக்குகிறோம், வாணிபத்தை எளிதாக்குகிறோம்" என்று கூறினாலும், கை தட்டுவதற்கு முன்னே கேளுங்கள்: எடுத்தெறிவது விலங்கையா, வேலியையா? மேட்டுக்கு உயர்த்துகிறீர்களா, பள்ளத்துக்கு இறக்குகிறீர்களா? எழுதும் மேசையிலே உழைப்பவனுக்கு நாற்காலி உண்டா?

விடை நேர்மையாக வந்தால் கை தட்டுங்கள், உரக்கத் தட்டுங்கள்! எல்லையிலே நிற்கும் லாரி நகரட்டும். பட்டறைக்காரன் சரக்கு பக்கத்து நாட்டுச் சந்தையேறட்டும். விடை சொல்லாமல் நழுவினால், நீட்டிய தாளிலே கையெழுத்துப் போடாதீர்கள். விலங்கை உடைக்கும் சம்மட்டியை வேலியின் மேல் வீச விடலாகாது. அந்த வேலிக்குள்ளே இருப்பது, உழைப்பவன் மூச்சு!